இரவில் மூழ்குவோருக்குப் பன்னிரண்டு குறிப்புகள்

ஆசியாக் கண்டத்திலேயே, இருட்டில் தண்ணீருக்கு அடியில் போகிற மனிதனின் பாதுகாப்பையும் சௌகரியத்தையும் பற்றி முதன்முதலில் கவலைப்பட்ட அலுவலகம் எங்களுடையதுதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது. அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான். மூன்று கார்பன் வைத்து நான்கு பிரதி. நான்காவது பிரதியில் 'ஆசியா' சரியாக விழவில்லை. அதைப் பேனாவால் எழுதிச் சேர்த்ததும் நான்தான்.

அலுவலகத்தின் பெயர் 'நீரடிப் பணியாளர் நல உபபிரிவு'. உத்திரமேரூரில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். அது எதற்காகத் தொடங்கப்பட்டது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் எப்போது, யார் திருக்கரத்தால் தொடங்கப்பட்டது என்பதற்கு மாடிப்படியில் கல்வெட்டு இருந்தது. கல்லில் எழுதிவிட்டால் ஆயிரம் வருஷத்துக்குக் கேள்வி கிடையாது என்பது எங்கள் ஊருக்குப் புதிய பாடம் அல்ல.

அலுவலர் ராஜாராம் சார், பியூன் வீராசாமி, நான். மூன்று பேர். நான் தற்காலிகத் தட்டச்சர். எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை என் வேலை முடிந்துபோகும். ஒரு நாள் சாலவாக்கத்தில் வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து வந்து புதியவளாகச் சேர்வேன். வருஷத்துக்கு நான்கு முறை புதிதாகப் பிறக்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. ஒவ்வொரு பிறவியிலும் ராஜாராம் சார் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் சார் மெட்ராஸில் நடந்த மூன்று நாள் கருத்தரங்குக்குப் போனார். என்ன கருத்து என்று அவர் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது என்றார். மூன்றாம் நாள், யாரோ ஒரு வெள்ளைக்காரர் நாற்காலியில் விட்டுவிட்டுப் போன சிறிய புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அட்டையில் கண்ணாடி முகமூடி போட்ட ஒரு மனிதன். முதுகில் சிலிண்டர், கையில் விளக்கு. சுற்றிலும் இருட்டுக் கடல், அதில் மஞ்சள் மீன்கள். உள்ளே, இரவு நேரத்தில் கடலுக்குள் மூழ்குவோர் கடைப்பிடிக்க வேண்டிய பன்னிரண்டு பாதுகாப்பு, சௌகரியக் குறிப்புகள். சார் அதை பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தார். உத்திரமேரூரில் இறங்கியபோது அவர் பழைய மனிதர் இல்லை.

"சுலோச்சனா, நம் எல்லைக்குள் ராத்திரியில் தண்ணிக்கு அடியில் போகிறவர்கள் எத்தனை பேர்?"

புள்ளிவிவரம் என்னிடம் இல்லை. வீராசாமியைக் கூப்பிட்டேன்.

"ராத்திரில எவன் சார் தண்ணிக்குள்ள போவான்? பைத்தியமா புட்ச்சிருக்கு?" என்றான் வீராசாமி. அப்புறம் யோசித்து, "வெண்ணித்தாங்கல் ஏரில மதகு தொறக்க முங்கறானே செங்கேணி, அவன் ஒருத்தன் கீறான்" என்றான்.

"ஒருத்தர் போதும்" என்றார் சார். "திட்டம் என்பது எண்ணிக்கையில் இல்லை."

வெண்ணித்தாங்கல் ஏரியின் மதகைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு அடியில், கரையின் கால்மாட்டில் ஒரு துவாரம். அதை அடைத்துக்கொண்டு ஒரு மரக்கட்டை. கட்டையைக் கரைமேல் நின்றபடியே தூக்க ஓர் இரும்புக் கம்பி. கம்பி ஒடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதனால் மழை கொட்டி ஏரி நிரம்பும்போது ஓர் ஆள் உள்ளே மூழ்கிப் போய்க் கட்டையைக் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் முதலில் போவது கரைக்குக் கீழே இருக்கிற காலனி. செங்கேணியின் வீடு அங்கேதான். மழை பகலில்தான் பெய்ய வேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லாததால், செங்கேணி பெரும்பாலும் ராத்திரியில்தான் மூழ்கினான்.

கம்பி ஒடிந்த விவகாரம் வேறோர் அலுவலகத்தைச் சேர்ந்தது. அதில் நாங்கள் தலையிடுவது முறையல்ல. கட்டைக்கும் ஒடிந்த கம்பிக்கும் நடுவில் போகிற மனிதன் மட்டுமே எங்களுக்கு உரியவன்.

பயிற்சி வகுப்பு இரவு முழுக்குக்கானது என்பதால் பகல் பதினொரு மணிக்கு வைக்கப்பட்டது. ஐந்தே முக்காலுக்கு மேல் அலுவலகத்தில் யாரும் இருப்பதில்லை. ஆனால் சார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். இடுக்குகளில் வீராசாமி கறுப்புக் கம்பளியைத் திணித்தான். சாக்பீஸால் தரையில் ஓர் ஏரி வரையப்பட்டது. சாருடைய நாற்காலி 'கரை'. என் தட்டச்சு மேஜை 'மதகு'. மூன்று பேர் வந்திருந்தார்கள்: செங்கேணி, அவன் மனைவி அம்முலு, அம்முலுவின் தம்பி சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன். ஆள் ஆறடி, மூன்று பிள்ளைக்குத் தகப்பன். மூன்று பேரும் வாசலிலேயே நின்றார்கள். 'ஏரிக்குள்' வந்து உட்காரலாம் என்று சார் அனுமதித்த பிறகு தரையில் உட்கார்ந்தார்கள். செங்கேணியின் தோளில் தடித்த வடம் ஒன்று சுருட்டிக் கிடந்தது.

"தண்ணிக்குள்ள போனா முதலில் என்ன பண்ணணும்?" என்று இருட்டிலிருந்து சார் கேட்டார்.

"மூச்ச புடிக்கணும் சார்" என்றான் செங்கேணி.

"தப்பு." சார் டார்ச்சைப் புத்தகத்தில் அடித்தார். "குறிப்பு ஒன்று. எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது. சீராக, நிதானமாக, தொடர்ந்து சுவாசித்துக்கொண்டே இருக்க வேண்டும்."

கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணிக்குள்ளயா சார்?"

"தண்ணிக்குள்ளதான். வெளிநாட்டில் அப்படித்தான் பண்றாங்க."

"அவங்க முதுவுல இன்னாவோ கட்டிக்கினு கீறாங்களே" என்றாள் அம்முலு, அட்டைப் படத்தைப் பார்த்து.

"அது சிலிண்டர். அது அடுத்த நிதியாண்டில் வரும். பழக்கத்தை இப்போதே ஆரம்பிச்சுடணும்."

செங்கேணி பணிவாகத் தலையாட்டினான். "வரும்போது பாத்துக்கலாம் சார். அதுவரிக்கும் நான் பழைய மாதிரியே சாவாம இருந்துக்கறேன்."

சார் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த குறிப்புக்குப் போனார். மூழ்குவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்றார். "அந்தப் பேஜாரு எங்களுக்குக் கெடையாது சார்" என்றாள் அம்முலு. நீர்வாழ் உயிரினங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். "வெரால் வந்து காலுல மோதும் சார்" என்றான் செங்கேணி. "நீ மோதாதே" என்றார் சார். உடன் மூழ்குகிறவர் கண்ணில் டார்ச் அடிக்கக் கூடாது என்று, செங்கேணியின் கண்ணில் டார்ச் அடித்து விளக்கினார்.

குறிப்பு மூன்றில்தான் பிரச்சினை வந்தது. ஒருபோதும் தனியாக மூழ்கக் கூடாது. துணைக்கு ஒருவர் கூடவே மூழ்க வேண்டும்.

"தொணைக்கு நான் கீறேன் சார்" என்றான் சின்னப்பையன். "ஆனா நான் கரைமேல நிப்பேன். வடத்தப் புடிச்சிக்கினு."

"துணை கரையில் இல்லை. நீருக்குள்."

"ரெண்டு பேரும் உள்ள போய்ட்டா வடத்த யாரு சார் புடிக்கறது?"

செங்கேணி அப்போதுதான் கொஞ்சம் நீளமாகப் பேசினான். "சார், முங்கறதுல ஒண்ணும் இல்ல. கட்டையப் புடுங்கனதும் தண்ணி உள்ள இழுக்கும் பாருங்க, அதான் சங்கதி. நான் வடத்த ரெண்டு சுண்டு சுண்டுவேன். மேல கீறவன் அந்த நிமிஷமே இழுக்கணும். அரை மூச்சு லேட்டானா காலு ஓட்டைல போய்டும். அதான் எங்க ஊர்ல ஒரு வயக்கம். முங்கறவனுக்கு பொண்டாட்டியோட தம்பிதான் வடம் புடிக்கணும். வேற எவன் கைலயும் குடுக்கறதில்ல."

"ஏன், உன் அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா?"

"கூடப் பொறந்தவனுக்கு நான் போனா அண்ணன் போனான்னு ஒரு நாள் அழுவ. இவனுக்கு அக்கா தாலி. மயையில கை வெறச்சாலும் வுடமாட்டான். அப்பறம் அக்காவ ஆயுசுக்கும் இவன்தான வச்சி சோறு போடணும்."

"அதுக்கு பயந்துதான் சார் புடிக்கறேன்" என்றான் சின்னப்பையன். இருட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

சார் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பன்னிரண்டு குறிப்புகளிலும் கயிறு என்று ஒரு வார்த்தை கிடையாதே" என்றார். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பகல் வந்தது. வடத்தை வாங்கி மேஜைமேல் வைத்துப் பார்த்தார். மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைத்த காலத்து வடம். திருப்புலிவனத்தில் ஒரு மிராசுதார் கிணற்றுக்குப் பம்புசெட் வந்தபோது தள்ளிவிட்டதைச் செங்கேணி கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததாம். கறுத்து, எண்ணெய் ஏறி, பாம்புபோலக் கிடந்தது.

"குறிப்பு ஐந்து" என்றார் சார். "பழுதடைந்த, அங்கீகரிக்கப்படாத உபகரணங்களை உடனே உபயோகத்திலிருந்து விலக்க வேண்டும். இதை மாதிரிக்கு எடுத்துக்கொள்கிறோம். கிடங்குக்கு அனுப்பி, இதே அளவில் புதிய நைலான் கயிறு தருவிப்போம்."

"புச்சு வரவரிக்கும் இது எங்ககிட்ட இருக்கட்டும் சார்" என்றாள் அம்முலு.

"மாதிரி இல்லாமல் புதுசு எப்படி வரும்?"

ரசீது தட்டச்சு செய்தேன்: 'பழைய வடம் ஒன்று, ஆபத்தானது.' பன்னிரண்டு குறிப்புகள் அடங்கிய தாளின் அடியில், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்பதற்கு நேராகச் செங்கேணியின் கட்டைவிரல் ரேகையை வாங்கினோம். வடம் என் அறை பீரோவுக்குள் போயிற்று. பீரோ சாவி என் பொறுப்பு. தற்காலிகமானவளிடம் அலுவலகத்தின் நிரந்தரப் பொருள்களை ஒப்படைத்திருந்த சாரின் பெருந்தன்மையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

குறிப்புகளில் எனக்குப் பிடித்தது ஒன்பதாவது. அதைத் தமிழில் கொண்டுவந்தது நான்தான். 'உயிர்காக்கும் பொருள் எதுவாயினும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.' சார் வாசித்துவிட்டு, "கவிதை மாதிரி இருக்கு" என்றார். அன்று முழுவதும் அந்த வார்த்தையை மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பாராட்டு என்பது பசிக்கிறவனுக்கு வேர்க்கடலை மாதிரி. வயிறு நிரம்பாது, ஆனால் கை நிற்காது.

புரட்டாசி போயிற்று. சௌகரியக் குறிப்பு பன்னிரண்டின்படி, மூழ்கி எழுந்தவருக்குச் சூடான பானம் தர ஒரு பிளாஸ்க் வந்துசேர்ந்தது. மூழ்குகிறவர் யாரும் அப்போது இல்லாததால் சாருக்குத் தினமும் அதில் காபி வந்தது. குறிப்பு ஏழின்படி இரண்டு டார்ச்சுகள் வந்தன. ஒன்று சாரின் வீட்டில், இன்னொன்று, முதல் டார்ச் பழுதானால் மாற்றுவதற்காக, அதுவும் சாரின் வீட்டில். நைலான் கயிறு வரவில்லை. மாதிரியை அனுப்ப வண்டி கிடைக்கவில்லை. ஆனால் மாதக் கடைசி அறிக்கையில் 'நிலுவை' என்று காட்டுவது அழகல்ல என்பதால், வடம் கிடங்குக்கு அனுப்பப்பட்டுவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டோம். எழுதியவள் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அம்முலு வந்தாள். தலையில் கோணிப்பையைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். அவள் நின்ற இடத்தில் சாக்பீஸ் ஏரியைவிடப் பெரியதாக ஓர் ஏரி உண்டாயிற்று.

"அம்மா, அந்த வடத்தக் குடுத்துடும்மா. ஏரி ரொம்பிடுச்சி. ராத்திரிக்கு இவரு எறங்கியாவணும்."

"சார் காஞ்சிபுரம் போயிருக்கார், அம்முலு. நாளைக்குக் காலையில் வந்துடுவார்."

"நாளைக்கி வரிக்கும் ஏரி குந்திக்கினு இருக்குமா?"

"மாதிரிக்கு எடுத்த பொருள். சார் உத்தரவு இல்லாமல் நான் எப்படித் தருவேன்?"

"இன்னும் அனுப்பலியாம்மா அத?"

"அனுப்பியாச்சு."

அவள் பீரோவைப் பார்த்தாள். கதவின் அடியிடுக்கில் வடத்தின் நுனி ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

"இங்கதான கீது?"

"பீரோவில் இருக்கு. பதிவேட்டில் போயாச்சு. பதிவேட்டில் இல்லாத பொருளை நான் எடுத்துக் கொடுத்தால், இத்தனை நாள் அது எங்கே இருந்தது என்று கேட்பார்கள்."

அம்முலு என் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜுரத்தில் பிதற்றுகிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நீ கண்ண மூடிக்கோம்மா. நான் எடுத்துக்கினு போறேன். காலைல விடியறதுக்குள்ள கொணாந்து வச்சிடறேன். எங்கப்பன் மேல சத்தியம்."

அப்போது நான் மேஜைமேல் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அந்த நேரத்தில் என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. பின்னால் கேட்டதுண்டு. அம்முலு சாவியைப் பிடுங்கிவிடுவாள் என்று பயந்தேனா? நானே திறந்துவிடுவேன் என்று பயந்தேனா? அடுத்த பிறவிக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. கையெழுத்து இனிமேல்தான் ஆக வேண்டும்.

என்றாலும் நான் கல்நெஞ்சக்காரி அல்ல. பிளாஸ்க்கை எடுத்து நீட்டினேன். "இதில் சூடாகக் காபி இருக்கு. எடுத்துட்டுப் போ. அவர் வெளியே வந்ததும் கொடு. குறிப்பிலேயே இருக்கு."

"அவரு வெளிய வந்தாதானம்மா சூடு" என்றாள் அம்முலு. கோணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

ஐந்து நாற்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். தூக்கமே வரவில்லை என்று இங்கே எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் நல்ல எண்ணம் உண்டாகும். ஆனால் தூங்கினேன். ஒருமுறைதான் விழிப்பு வந்தது. ஓட்டின்மேல் மழை. கைப்பை ஆணியில் தொங்கியது. போர்வையைக் காதுவரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

காலையில் வீராசாமி படியிலேயே நின்றிருந்தான். "கரை தப்பிச்சிடுச்சிம்மா. செங்கேணி காலு போய்டுச்சி" என்றான். உயிருக்கு ஒன்றும் இல்லை. வண்டி கட்டி, ஒடிந்த காலுக்குப் புத்தூர்க் கட்டுப் போடத் தூக்கிப் போயிருந்தார்கள்.

விசாரணையை அடுத்த வாரம் சாரே நடத்தினார். செங்கேணி வர முடியாததால் சின்னப்பையன் வந்தான். அவன் வலது உள்ளங்கை முழுவதும் தோல் உரிந்திருந்தது. குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சார் கேட்கக் கேட்க, நான் எழுதிக்கொண்டேன்.

"குறிப்பு நான்கு. உடன் வந்தவர் கண்ணில் டார்ச் அடித்தீர்களா?"

"டார்ச்சே இல்ல சார்."

"அடிக்கவில்லை. பின்பற்றப்பட்டது. குறிப்பு ஏழு. இரண்டு ஒளிமூலங்கள் இருந்தனவா?"

"மின்னல் இருந்துச்சி."

"எத்தனை?"

"ரெண்டு மூணு வெட்டுச்சி சார்."

"தேவைக்கு மேலேயே. பின்பற்றப்பட்டது. குறிப்பு மூன்று. இருவரும் சேர்ந்து மூழ்கினீர்களா?"

"மொதல்ல அவருதான் போனாரு. வடம் இல்லியே, அதனால அக்கா பொடவ ரெண்ட முடிச்சிப் போட்டு இடுப்புல கட்டி வுட்டோம். ஒண்ணு நூல் பொடவ. ஒண்ணு நைலக்ஸு, தீவாளிக்கி எடுத்தது. ரெண்டு சுண்டு சுண்டுனாரு. இழுத்தேன். நைலக்ஸ் வழுக்கிக்கினு முடிச்சி வுட்டுடுச்சி. வெறும் துணி மட்டும் மேல வந்துச்சி சார். பச்ச கலரு." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "அப்பறம் நான் குதிச்சேன். ஓட்டைல முட்டி வரிக்கும் காலு போயிருந்துச்சி. மயிரப் புடிச்சி இழுத்தேன்."

சார் பேனா மூடியால் மேஜையைத் தட்டினார். "ஆக, இருவரும் நீருக்குள் இருந்தீர்கள். பின்பற்றப்பட்டது. எழுதிக்கோ சுலோச்சனா. குறிப்பு ஒன்று. மூச்சை அடக்கினாரா?"

"இன்னா சார்?"

"செங்கேணி தண்ணிக்குள் மூச்சை அடக்கினாரா, இல்லையா?"

"அடக்காம?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நான் சொல்வேன். "எத்தனை முறை சொன்னேன்" என்றார். பன்னிரண்டில் பதினொன்று பின்பற்றப்பட்டது. ஒன்று, பயிற்சி அளித்தும் மீறப்பட்டது. அறிக்கையின் கடைசி வரி: 'காயத்திற்கான காரணம்: பயனாளி மூச்சை அடக்கியமை.'

அந்த அறிக்கை மேலே போயிற்று. மேலே இருந்தவர்கள் இதுவரை எந்தத் திட்டத்திலும் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்ற கணக்கைப் பார்த்ததில்லை. மார்கழியில் எங்களுக்குப் பாராட்டு விழா. உரக்கடைக்கு முன்னால் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, சின்னக் கண்காட்சியும் வைத்தோம். வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் பிளாஸ்க், டார்ச் இரண்டு, அட்டையில் மீன் படம் போட்ட புத்தகம். நடுவில் செங்கேணியின் வடம், சாமந்திப் பூ சுற்றி. அதன் கீழே என் கையெழுத்தில் ஓர் அட்டை: 'பழைய முறை. ஆபத்தானது. தொடாதீர்கள்.' பதிவேட்டின்படி அது இன்னும் கிடங்கில்தான் இருந்தது.

எனக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. 'அலுவலகப் பொருளை எத்தகைய நிர்ப்பந்தத்திலும் பாதுகாத்தமைக்காக'. என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்திருப்பதாகச் சார் ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார். கைதட்டினார்கள். இனிமேல் பிறக்க வேண்டியதில்லை.

விழா முடியும் நேரத்தில் அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். செங்கேணி மூங்கில் கழியை ஊன்றி, ஒரு காலை வீசிப் போட்டு நடந்தான். இனி அவன் மூழ்க முடியாது. தை மாசத்துக்குள் இன்னொரு மழை இருக்கிறது என்றும், இனிச் சின்னப்பையன்தான் இறங்குவான் என்றும், அவனுக்கு வடம் பிடிக்க அவன் மனைவியின் தம்பி புள்ளலூரிலிருந்து வந்திருக்கிறான் என்றும் வீராசாமி என் காதில் சொன்னான்.

அம்முலு நேராக மேஜைக்கு வந்தாள். வடத்தின் ஒரு நுனியை எடுத்துத் தன் இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மறுநுனியைச் சின்னப்பையனிடம் வீசினாள். இரண்டு பேரும் காலை ஊன்றி இழுத்தார்கள். வடம் விறைத்து நின்றது. சாமந்தி சிதறியது. ஒரு நார்கூடப் பிரியவில்லை.

"தொடாதீர்கள் என்று எழுதியிருக்கே" என்றார் ராஜாராம் சார்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றாள் அம்முலு. "ரேகதான் வைக்கத் தெரியும்."

சின்னப்பையன் வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான்கு வருஷமாக எனக்குத் தெரியும். "சார், பதிவேட்டின்படி அது இங்கே இல்லை" என்றேன். அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். முதல்முறையாக அவரே குறிப்பு ஒன்றை மீறி மூச்சை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

போகிற வழியில் அம்முலு என் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். பச்சை நைலக்ஸ் புடவை கட்டியிருந்தாள். முந்தானையில் முடிச்சுப் போட்ட இடம் இன்னும் கசங்கிச் சுருங்கி இருந்தது.

"பீரோ இருந்துச்சி, பாத்தேன்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. சாவி எங்க இருந்துச்சி அன்னிக்கு?"

சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாததை இங்கே பதிவு செய்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒன்பதாவது குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவள் நான் ஒருத்திதான். உயிர்காக்கும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் மடியில்.